ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட்

அன்புள்ள ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். வயது 33. கொரோனா சமயத்தில் பெங்களூரிலிருந்து வீட்டுக்கு வந்தவன், கம்பெனி திரும்பக் கூப்பிடாததால் இங்கேயே தங்கிவிட்டேன். மாடி அறையில் வேலை, கீழே அப்பா அம்மா. வேளாவேளைக்குச் சாப்பாடு, கடன் இல்லை, நோய் இல்லை. ஆனாலும் சில நாட்கள் ஆபீஸ் மீட்டிங்கைத் தவிர வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். சாயங்காலம் சில்வர் பீச்சில் இயர்போனை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டு வருகிறேன். தனிமையாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னால், "நாங்க ரெண்டு பேரு இல்லையா?" என்கிறார். அடுத்த நிமிடம் ஜாதகத்தை எடுக்கிறார். தனிமை ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட் பிடிப்பதற்குச் சமம் என்று வாட்ஸப்பில் வந்தது. உண்மையா? பேசாமல் பெங்களூருக்கே போய்விடலாமா?

ர.

அன்புள்ள ர.,

சிகரெட் கணக்கு வாட்ஸப்காரர்கள் கட்டிவிட்டதல்ல. 2010-இல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டட் என்ற உளவியலாளரும் சகாக்களும் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். உறவுகள் வலுவாக உள்ளவர்கள் அந்தந்த ஆய்வுக் காலத்தின் முடிவில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று வந்தது. அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று புரியவைக்கச் சொன்னதுதான் சிகரெட். ஆனால் அங்கே மனதில் தோன்றும் தனிமை உணர்வை மட்டும் அளக்கவில்லை. யாரோடு வாழ்கிறார், எத்தனை பேரோடு பழகுகிறார், ஆத்திர அவசரத்துக்கு ஆள் உண்டா என்று பலதும் அதில் அடக்கம். அதனால் ஒரு வாரம் யாரோடும் பேசாவிட்டால் இத்தனை பாக்கெட் என்று கணக்குப் போட்டுப் பயப்பட வேண்டாம்.

உடம்பு முடியாதவர்தானே வெளியே போகாமல் தனித்துப்போகிறார், தனிமை மேல் ஏன் பழி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு ஓரளவு பதில் சொல்லும் ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவில் ஷெல்டன் கோஹன் குழு நடத்தியது, 1997-இல் வெளியானது. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 276 பேரின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டாக விட்டு, தனியே தங்கவைத்து, யாருக்குச் சளி பிடிக்கிறது என்று பார்த்தார்கள். மூக்கைச் சிந்திய காகிதத்தைக்கூட எடை போட்டார்கள். அதற்கு முன்பே ஒரு பட்டியலைக் கொடுத்து, இதில் எத்தனை வகை உறவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது யாரோடாவது பேசுகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், மாமனார் மாமியார், மற்ற சொந்தம், அக்கம்பக்கம், நண்பர்கள், கூட வேலை செய்பவர்கள், கூடப் படிப்பவர்கள், வழிபாட்டு வட்டம், சங்கம், தொண்டு என்று 12 வகை. ஆறும் அதற்கு மேலும் வைத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால், மூன்றுக்குள் நின்றுவிட்டவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு. வைரஸ் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் போனது. (மாமனார் மாமியார் நம் ஊரிலும் சளியைத் தடுப்பார்களா என்று யாராவது தனியாக ஆராய்ந்தால் நல்லது.)

அவர்கள் எண்ணியது தலைகளை அல்ல, வகைகளை. உங்கள் கடிதத்தை வைத்து எண்ணினால் பெற்றோர் ஒன்று, ஆபீஸ் ஒன்று. பழைய நண்பர்களோடு போனில் பேசுகிறீர்கள் என்றே வைத்துக்கொண்டாலும் மூன்று. அம்மா கேட்டதில் தப்பில்லை, இரண்டு பேர் இருக்கிறார்கள்தான். ஆனால் இருவருக்கும் நீங்கள் பிள்ளை, சாப்பிட்டாயா என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறவர். கேரம் போர்டில் தோற்கிறவராகவோ, பக்கத்து வீட்டில் மோட்டார் ரிப்பேர் பார்க்கும்போது டார்ச் பிடிக்கிறவராகவோ வீட்டுக்குள் இருக்க வழியில்லை. ஜாதகம் பொருந்தினால் ஒரேயடியாக இரண்டு வகை கூடும், சரி. ஆனால் தனிமைக்கு மருந்தாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்து அதே மாடி அறையில் உட்காரவைத்தால், அக்கம்பக்கம், வேலை, தோழிகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிற அவருக்கு எத்தனை வகை மிஞ்சும் என்று அம்மாவிடம் கேட்டுப்பாருங்கள்.

கடலூர்க்காரருக்குத் தானே புயலை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் நம் இரண்டு ஊருக்கும் நடுவே கரையைக் கடந்தது. நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருந்தேன். கரண்ட் இல்லை, மேல்தொட்டி காலி. தெருவில் ஒருவர் எங்கிருந்தோ ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். டீசலுக்குக் காசு வசூல், வீட்டுக்கு இவ்வளவு நேரம் என்று முறை. எதிர் வீட்டுக்காரர் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றவர், எங்கள் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்து, "போதும் சார், அடுத்தவங்களுக்கு விடுங்க" என்று அதட்டினார். அதுவரை அவர் குரலை நான் கேட்டதில்லை. கரண்ட் வந்ததும் எல்லோரும் டிவி முன்னால் போய்விட்டோம், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவரோடு பேச்சு நிற்கவில்லை. மனம் விட்டுப் பேசியதெல்லாம் கிடையாது. தண்ணி வந்துச்சா, பால் விலை ஏறிடுச்சாமே, அவ்வளவுதான். கோஹன் கேட்டிருந்தால் அக்கம்பக்கம் என்ற இடத்தில் ஒரு டிக் போட்டிருப்பேன்.

அதனால் நண்பர்களைத் தேடுங்கள் என்று சொல்ல மாட்டேன். 33 வயதில் பீச்சில் போய் யாரிடம் நண்பராகலாமா என்று கேட்பது? நாலு பேர் சேர்ந்து செய்யும் ஒரு வேலையில் போய் நில்லுங்கள், பேச்சு தன்னால் வரும். திருப்பாதிரிப்புலியூர், கல்லோடு கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறியதாகச் சொல்லும் ஊர். பாடலீஸ்வரர் கோயிலில் உழவாரப்பணிக்கு ஆள் சேர்க்கிறார்களா என்று விசாரியுங்கள். பக்தி இல்லாவிட்டாலும் புல் செதுக்கலாம். கோயில் ஒத்துவராது என்றால் ரத்ததானக் குழு, தெருப் பையன்களின் வாலிபால், எதுவானாலும் சரி. வாரா வாரம் அதே ஆட்கள் வருகிற இடமாக இருக்க வேண்டும், அது மட்டும் முக்கியம். பீச்சில் இயர்போனைக் கழற்றிவிட்டு, சுண்டலை ஒரே ஆளிடம் வாங்குங்கள்.

தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் அதற்குப் புல் செதுக்குவது போதாது. டாக்டரைப் பாருங்கள், அல்லது அரசின் டெலி மானஸ் எண் 14416-க்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பெங்களூர் விஷயம். நேரில் ஆபீஸுக்குப் போய், நாலு பேரோடு டீ குடிக்கிற வேலை என்றால் தாராளமாகப் போங்கள். அங்கேயும் ஒரு அறையில் உட்கார்ந்து இதே மீட்டிங்தான் என்றால் வாடகை தண்டம், அம்மா சாப்பாடும் போச்சு.