லென்ஸ் தேய்க்கிற ஊர்

அன்புள்ள ஐயா,

இயற்பியலில் பட்டப்படிப்பு முடித்திருக்கிறேன். ஜெர்மனியில் யேனா பல்கலைக்கழகத்தில் ஒளியியல் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர், பழைய கிழக்கு ஜெர்மனி, தொழிற்சாலைகள்தான் அதிகம் என்கிறார்கள். எனக்குக் கோட்பாடுதான் துறை, பட்டறை வேலையில் ஈடுபாடு இல்லை. மியூனிக்குக்கு முயலலாமா? யேனாவில் குளிர், வாடகை, வேலைவாய்ப்பு எப்படி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். மியூனிக்குக்கு என் சிபாரிசு தேவையில்லை. ஆனால் 'பட்டறை வேலையில் ஈடுபாடு இல்லை' என்று எழுதினீர்களே, யேனாவுக்குப் போகிறவர் எழுதுகிற வரியா அது?

நான் படித்த கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் ஒரு நுண்ணோக்கி இருந்தது. அதில் 'கார்ல் ஸைஸ் யேனா' என்று பொறித்திருக்கும். யேனா என்பது அவர் மனைவியின் பெயர் என்றே மூன்று வருடம் நினைத்திருந்தேன். ஒருநாள் லென்ஸில் ஒட்டிய எண்ணெயை வேட்டி நுனியால் துடைக்கப் போனேன். ஆய்வக உதவியாளர் என் புறங்கையில் ஓர் அடி வைத்தார். பிறகு மெல்லிய தாளை மடித்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்துக் காட்டினார். எங்கள் பேராசிரியருக்கு அந்தப் பக்குவம் கிடையாது.

1846இல் ஸைஸ் யேனாவில் பட்டறை திறந்தபோது லென்ஸ் செய்வது கைப்பழக்கம்தான். தேய்த்துப் பார்ப்பார்கள், பொருத்திப் பார்ப்பார்கள், சரிவராவிட்டால் மாற்றுவார்கள். 1866இல் அவர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த எர்ன்ஸ்ட் அபேயைக் கூட்டுச் சேர்த்தார். கணக்குப் போட்டே லென்ஸ் செய்ய முடியுமா என்று பார்க்கத்தான். அபே போட்டார். கணக்குப்படி செய்த முதல் லென்ஸ்கள் கைப்பழக்கத்தில் செய்தவற்றைவிட மோசமாக இருந்தன! ஏன் என்று துருவியபோதுதான், லென்ஸ் எவ்வளவு விரிந்த கோணத்தில் ஒளியை வாங்குகிறதோ அவ்வளவுக்கே நுணுக்கம் துலங்கும் என்பது பிடிபட்டது. 1873இல் வெளியான அவருடைய கோட்பாடு அங்கே பிறந்ததுதான். அந்தச் சூத்திரத்தை இன்று யேனாவில் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்ததும் அதைத்தானே?

அபேயின் அப்பா நூற்பாலைத் தொழிலாளி. குறைந்தது 14 மணி நேர வேலை. சிறுவன் சாப்பாடு கொண்டுபோவான். அப்பா இயந்திரத்தில் சாய்ந்து நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பார். பையன் அதை மறக்கவில்லை. பெரும்பணம் சேர்ந்த பிறகு 1889இல் அறக்கட்டளை ஒன்றை நிறுவி, பிறகு நிறுவனத்தில் தன் பங்கை அதற்கே எழுதிக்கொடுத்தார். அதற்குத் தன் பெயரை வைக்காமல் ஸைஸின் பெயரை வைத்தார். 1900இல் எட்டு மணி நேர வேலை வந்தது. லாபத்தில் பல்கலைக்கழகத்துக்கும் பணம் போனது. உங்களுக்கு இடம் கொடுத்திருப்பது அந்தப் பல்கலைக்கழகம், தம்பி.

வேலைவாய்ப்பு? போர் முடிந்த 1945இல் அமெரிக்கப் படை ஸைஸ் வல்லுநர்களை மேற்கே கொண்டுபோனது. அடுத்த ஆண்டு சோவியத்தினர் இயந்திரங்களைக் கழற்றிச் சென்றார்கள். இரு ஜெர்மனிகளும் இணைந்த 1990க்குப் பின் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. இத்தனைக்கும் பிறகு ஸைஸ், கண்ணாடி செய்யும் ஷாட், ஒளியியல் கருவிகள் செய்யும் யெனோப்டிக் ஆகிய மூன்று நிறுவனங்களும் அங்கேதான் இருக்கின்றன. அரசு பணம் கொட்டியது உண்மை. ஆனால் லென்ஸ் தேய்க்கத் தெரிந்தவர்கள் இல்லாத ஊரில் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வாடகை கேட்டிருந்தீர்கள். சாலே ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக் குன்றுகள் நெருக்குகிற ஊர், வீடு கிடைப்பது சிரமம். ஊரின் லோபெடா பகுதி அடுக்குமாடிகளில் தேடுங்கள். டிராம் இருக்கிறது.