பிரிக் லேன் பெரியவர்களின் நினைவுகளை எப்படிப் பதிவு செய்வது?

லண்டன் பிரிக் லேன் பகுதியில் வாழும் வங்கதேசச் சமூகத்தின் வரலாற்றை வாய்மொழிப் பதிவுகளால் காப்பாற்ற முடியுமா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். அங்கே ஒரு பதிவுக் குழுவில் சில மாதங்கள் தன்னார்வலனாக இருந்தவன் என்ற முறையில், எந்த மொழியில் கேட்கிறோம் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பேன்.

இச்சமூகத்தில் பெரும்பாலோர் வங்கதேசத்தின் வடகிழக்கிலுள்ள சில்ஹெட் வட்டாரத்தவர்; அவர்கள் பேச்சு சில்ஹெட்டி. இவர்களுக்கு முன்பே வந்தவர்கள், கல்கத்தாவில் கப்பலேறி நீராவிக் கப்பல்களின் இயந்திர அறையில் கரி அள்ளிப் போட்ட, லாஸ்கர்கள் எனப்பட்ட தெற்காசிய மாலுமிகள். கட்டடங்களின் கதை ஏடுகளில் இருக்கிறது: 1743இல் பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டு அகதிகள் கட்டிய தேவாலயம், 1898இல் யூதத் தொழுகைக்கூடமாகி, 1976இல் பள்ளிவாசலானது. 1978 மே 4 அன்று ஆடைத் தொழிலாளி அல்தாப் அலி இனவெறியர்களால் கொல்லப்பட்டதும், பத்து நாள் கழித்து ஏறத்தாழ 7,000 பேர் சவப்பெட்டியோடு பிரதமர் இல்லம் உள்ள டவுனிங் தெருவுக்கு நடந்ததும் செய்தித்தாள்களில் பதிவாகியுள்ளன. ஆனால் அக்காலத்தில் வீட்டிலேயே கூலிக்குக் கோட்டு தைத்த பெண்கள் பலருக்கு ஊதியச் சீட்டுகூட இல்லாததால், அவர்களுடைய உழைப்புக்கு அவர்களின் பேச்சைத் தவிர வேறு சான்று அரிது.

அப்படித் தைத்த ஓர் அம்மையாரிடம் "உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டபோது, இரண்டு வாக்கியங்களோடு நிறுத்திக்கொண்டார். தையல் இயந்திரம் வீட்டில் எந்த மூலையில் இருந்தது என்று எங்கள் குழுத் தோழி சில்ஹெட்டியில் கேட்டதும், எழுந்து போய்ச் சன்னலோரம் நின்று, கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்று கதவைத் தட்டாதிருக்க இயந்திரத்தின் கால்களுக்கடியில் கம்பளியை நான்காக மடித்து வைத்ததைக் கையால் மடித்தே காட்டினார். அதன்பின் ஒன்றரை மணி நேரம் பேசினார்.

அந்தப் பேச்சை எழுத்தில் இறக்கும்போது திருத்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. டாக்கா வழக்கில் "பானி" (தண்ணீர்) என்பதைச் சில்ஹெட்டி பேசுவோர் "ஃபானி" என்பார்கள். படித்த பிள்ளைகள் மரியாதை கருதி அதைப் பொதுவங்காளமாக்கிவிட்டால், பேசியவர் எந்த ஊர்க்காரர் என்பதே மறைந்துபோகும். மகனையோ மகளையோ மொழிபெயர்ப்பாளராக உட்கார வைப்பதையும் தவிருங்கள். பிள்ளைகள் முன்னால் சொல்ல விரும்பாத கடன், அவமானம், பயம் எல்லாம் அப்போது வெளிவராது.

ஒலிக்கோப்பின் ஒரு படி குடும்பத்துக்கும், ஒரு படி பிரிக் லேன் அடங்கிய டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரத்தின் உள்ளூர் வரலாற்று ஆவணக் காப்பகம் போன்ற பொது இடத்துக்கும் போக வேண்டும். ஒப்புதலை முதலில் ஒருமுறை வாங்கினால் போதாது, பேசி முடித்த பிறகும் கேட்க வேண்டும். அந்த அம்மையார், கூலி தராமல் ஏமாற்றியவரைப் பற்றிய பகுதியைத் தம் காலத்துக்குப் பிறகே திறக்க வேண்டும் என்றார். அந்தப் பதினொரு நிமிடத்தைத் தனியாக முத்திரையிட்டு வைத்திருக்கிறோம்.