அடுப்பு முழிக்கும் இடத்தில் வெட்டுங்கள்

கேள்வி: மும்பையில் மாஸ் மீடியா இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு தாராவி, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு மியூசிக் வீடியோ எடுத்துத் தர வேண்டும். திட்டம், ஸ்டோரிபோர்டு, எடிட்டிங் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. எங்களுடையது என் அண்ணன் எழுதிப் பாடிய பாட்டு, 3 நிமிடம் 12 நொடி. விடியற்காலையில் சைக்கிளில் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் இட்லி விற்கப் போகும் அப்பாவைப் பற்றியது. 'ஊரு முழிக்கும் முன்னே எங்க அடுப்பு முழிக்கும்' என்று ஆரம்பிக்கும். இரண்டு நாள் செல்போனில் எடுத்தோம். உதடு பாட்டோடு ஒட்டவில்லை. எடிட் செய்பவன் குஜராத்திப் பையன், தமிழ் தெரியாது. தாளத்துக்கு வெட்டிக்கொண்டே போகிறான், பார்க்கும்போது எனக்கு ஏதோ பிசகுகிறது. மற்றவர்கள் மரைன் டிரைவ் கடற்கரைச் சாலையில் மறுபடி எடுக்கலாம் என்கிறார்கள். அப்பா கேமரா முன்னால் வர மாட்டேன் என்கிறார். இன்னும் 18 நாள்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு ஹிந்திப் பாட்டுக்கு மாறிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாராவி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மாற வேண்டாம். அண்ணன் பாட்டை விட்டுவிடாதே. 18 நாள் இந்த வேலைக்குத் தாராளம். இதுவரை எடுத்ததில் பாதி வீணாகப் போனாலும் பரவாயில்லை. ஹிந்திப் பாட்டுக்கு மாறினால் உதடு ஒட்டாத சிக்கல் அங்கேயும் வந்து நிற்கும். அடுத்தவர் பாட்டு என்ற சிக்கல் கூடுதலாகச் சேரும்.

'ஏதோ பிசகுகிறது' என்று எழுதியிருக்கிறாய் பார், உன் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்தேரியில் ஒரு சின்ன எடிட்டிங் அறையில் நான் உதவியாளராக இருந்த காலத்தில் ஒரு பஞ்சாபிப் பாட்டு என் கைக்கு வந்தது. எனக்குப் பஞ்சாபியில் ஒரு சொல் தெரியாது. தாளம் துள்ளலாக இருந்தது, தாளத்துக்கு வெட்டினேன். ஒவ்வொரு வெட்டும் டோல் மேளத்தின் அடியில் சரியாக விழுந்தது. பாடியவர் வந்து பார்த்தார். நடுவில் ஓர் இடத்தில் அவர் முகம் மாறிவிட்டது. இறந்துபோன தங்கையைப் பெயர் சொல்லி அவர் கூப்பிடும் வரியில், கல்யாண ஊர்வலத்தில் ஆடுகிற கூட்டத்தை வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. 'அர்த்தம் கேட்டிருக்கலாமே' என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு, தெரியாத மொழிப் பாட்டு எது வந்தாலும் முதல் நாள் நான் எடிட்டிங் மென்பொருளைத் திறப்பதே இல்லை. பாடினவரையோ எழுதினவரையோ பக்கத்தில் உட்கார வைத்து வரி வரியாகக் கேட்டுக்கொள்வேன்.

உன் நண்பன் மேலும் தப்பில்லை. அவனுக்கு யாரும் அர்த்தம் சொல்லவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கே பாட்டு முழுவதையும் தேவநாகரியில் எழுது. ஒவ்வொரு சொல்லுக்குக் கீழும் ஹிந்தியில் பொருள் எழுது. அந்தச் சொல் எத்தனையாவது நொடியில் வருகிறது என்பதையும் குறி. வரிக்கு மொத்தமாகப் பொருள் எழுதினால் போதாது, சொல்லுக்குச் சொல் வேண்டும். ஏனென்றால் தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. வரி முடியும் இடத்தில்தான் விஷயம் பிடிபடும். குஜராத்தியிலும் அப்படித்தான், அதனால் பொருள் தெரிந்துவிட்டால் அவனுக்கு இது சட்டென்று புரிந்துவிடும்.

உங்கள் முதல் வரியையே எடுத்துக்கொள்வோம். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 100 தாள அடி என்று வைத்துக்கொள்கிறேன். சரியான எண்ணை அண்ணனிடம் கேட்டுக்கொள். 100 என்றால் ஓர் அடிக்கு 0.6 நொடி. நொடிக்கு 25 ஃப்ரேமில், அதாவது 25 தனிப் படங்களாக எடுத்தால் ஓர் அடிக்கு மிகச் சரியாக 15 ஃப்ரேம். நான்கு அடி சேர்ந்த ஒரு பார் 2.4 நொடி. 'ஊரு முழிக்கும் முன்னே' ஒரு பார், 'எங்க அடுப்பு முழிக்கும்' அடுத்த பார். தமிழ் தெரியாதவன் என்ன செய்வான்? இரண்டாவது பாரின் முதல் அடி அழுத்தமாக விழுகிறது என்று அங்கேயே எரிகிற அடுப்பைக் காட்டிவிடுவான். பாட்டு இன்னும் 'எங்க' என்றுதான் சொல்லியிருக்கும், படம் வரியின் முடிவுக்கே போய்விட்டிருக்கும். உனக்குப் பிசகியது அந்த ஒன்றரை நொடிதான்.

நானாக இருந்தால் முதல் பார் முழுக்க இருட்டான சந்தின் காட்சியை வெட்டாமல் வைத்திருப்பேன். மூடின கதவுகள், வரிசையாக நிற்கும் தண்ணீர் டிரம்கள், படுத்திருக்கும் நாய். 'முழிக்கும்' என்ற சொல் அங்கே வரும்போது படத்தில் எதுவும் முழிக்கக் கூடாது. 'எங்க' என்றதும் வெட்டு: எரியாத அடுப்பு, பக்கத்தில் அப்பாவின் கை. 'அடுப்பு' என்ற சொல்லில் தீக்குச்சி உரசுகிறது. இரண்டாவது 'முழிக்கும்' வரும்போது தீ பற்றுகிறது. இரண்டு பாருக்கு ஒரே ஒரு வெட்டு. அதே சொல் இரண்டாம் முறை வரும்போது படம் அதைச் செய்து காட்டுகிறது. அண்ணன் எழுதும்போது மனதில் நினைத்தது இதுவாகத்தான் இருக்கும்.

இதையே பாட்டு முழுவதற்கும் செய்ய ஒரு கணக்கு நோட்டுப் போதும். 3 நிமிடம் 12 நொடி என்றால் 192 நொடி, 100 வேகத்தில் 80 பார். வரிசைக்கு எட்டாகப் பத்து வரிசை கட்டம் போடு. மேலே சொல், கீழே படம், பென்சிலில். ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்து நிரப்புங்கள். ஏற்கெனவே எடுத்ததில் தேறுவதை முதலில் வையுங்கள். மிச்சம் இருக்கிற வெற்றுக் கட்டங்கள்தான் நீங்கள் இனி எடுக்க வேண்டியவை. உங்கள் ஆசிரியர் கேட்கும் ஸ்டோரிபோர்டும் ஷாட் பட்டியலும் இதிலிருந்தே வந்துவிடும். இதை முடிக்காமல் யாரும் கேமராவைத் தொடாதீர்கள்.

அப்புறம் உதடு. பாட்டின் தொடக்கத்தில் உதட்டைப் பொருத்திவிட்டுக் கடைசி வரிக்குப் போய்ப் பார். முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு தள்ளியிருந்தால் அந்தக் கிளிப்பை நகர்த்தினால் சரியாகிவிடும். தொடக்கத்தில் ஒட்டிப் போகப் போக விலகினால் அது போனின் வேலை. பெரும்பாலான செல்போன்கள் ஒரே சீரான வேகத்தில் பதிவு செய்வதில்லை, வெளிச்சத்தைப் பொறுத்து நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது கூடிக் குறையும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட் என்பதைத் தேர்ந்து மாற்றிய பிறகு எடிட்டுக்குக் கொண்டு போ. இங்கே ஒட்டி அங்கே விலகி எந்த ஒழுங்கும் இல்லாமல் இருந்தால், அண்ணன் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்திருக்கிறார். அதற்கு மருந்து கிடையாது, மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

மறுபடி எடுக்கும்போது பாட்டை ஸ்பீக்கரில் உரக்க ஓட்டு. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பாடினால் கேமராவில் பாட்டுச் சத்தமே பதியாது, பிறகு எதை வைத்துப் பொருத்துவது? அந்தக் காலத்துச் சினிமாப் பாட்டுப் படப்பிடிப்பில் நாக்ரா டேப் கருவியில் பாட்டை ஊரே கேட்க ஓட்டினார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. பாட்டு ஃபைலின் முன்னால் மூன்று 'டிக்' ஒலி சேர்த்துவிடு. ஒவ்வொரு டேக்கிலும் அதுதான் உன் அடையாளம். அண்ணன் வாய்விட்டே பாடட்டும். தொண்டை நரம்பு அசையாமல் உதடு மட்டும் அசைந்தால் பார்க்கிறவர்களுக்குப் பொய் தெரிந்துவிடும்.

எடுக்கும் முறையில் நான் பிடிவாதமாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிறுத்தாமல் மூன்று முறை எடுங்கள்: தூரத்திலிருந்து ஒன்று, இடுப்பளவில் ஒன்று, முகத்தருகே ஒன்று. மொத்தமே பத்து நிமிடப் பதிவு. அதற்குப் பிறகு மழை வந்தாலும், நண்பர்கள் சண்டை போட்டாலும், போன் உடைந்தாலும் உங்களிடம் ஒரு முழு வீடியோ இருக்கும். இடம் தேடி அலைய வேண்டாம். உங்கள் சந்தில் மாடிக்கு ஏறும் செங்குத்து இரும்பு ஏணி இருக்குமே, அதில் அண்ணனை உட்கார வை. சந்து குறுகலாக இருப்பதால் நேர் வெயில் உச்சி நேரத்தில் மட்டும்தான் உள்ளே விழும். அந்த நேரத்தைத் தவிர்த்தால் நாள் முழுக்க மென்மையான வெளிச்சம் கிடைக்கும்.

போனில் 25 ஃப்ரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) 1/50 நொடி என்று வை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30 ஃப்ரேமில் 1/60 வைத்து டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். உங்கள் பழைய பதிவில் அது இருக்கிறதா என்று பார். போனிலேயே மாற்ற முடியாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவச ஆப்பில் மாற்றலாம். எடிட்டுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும்.

இனி அப்பா. வர மாட்டேன் என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிடு. தாராவிக்குள் கேமராவோடு வருகிறவர்களை அவர் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! தன்னைக் கேட்காமல் தன் முகத்தை எடுத்துப் போனவர்களையும் பார்த்திருப்பார். ஒளிந்திருந்து எடுக்கவே எடுக்காதே, மகளாக இருந்தாலும். அதற்குப் பதில், 'எதையெல்லாம் எடுக்கலாம்ப்பா?' என்று கேள். கை, முதுகு, சைக்கிள் என்று அவர் சொன்னால் உனக்கு அதுவே போதும். ரப்பர் ஹாரனை அமுக்கும் உள்ளங்கை, ஹேண்டில் பாரில் தொங்கும் சட்னித் தூக்கு, பின்னால் கட்டின அலுமினியப் பாத்திரத்தின் கயிற்று முடிச்சு. அப்பாவைப் பற்றிய பாட்டில் அப்பாவின் முகம் கடைசிவரை வராமல் இருந்தால் பார்க்கிறவர்கள் அந்த முகத்தைத் தேடுவார்கள். அது நல்லதுதான்.

ஆனால் அவர் வேலையை நிறுத்தச் சொல்லாதே. ஒரே ஒரு விடியற்காலை, அவர் எழுந்து கிளம்பும்வரை, நீயும் இன்னொருவரும் மட்டும் போங்கள். 'மறுபடி ஒரு தடவை செய்யுங்கப்பா' என்ற பேச்சே கூடாது. இட்லி ஆறினால் அன்றைய வியாபாரம் போச்சு.

அந்த நேரத்தில் நீ காத்திருக்க வேண்டியது இட்லிப் பானையின் ஆவிக்காக. முன்னாலிருந்து விளக்கு அடித்தால் ஆவி படத்தில் தெரியவே தெரியாது. பானைக்குப் பின்னால், கேமராவில் படாத இடத்தில், ஓர் எல்.இ.டி. விளக்கையோ இன்னொரு போனின் டார்ச்சையோ வை. அதற்கும் பின்னால் இருட்டாக இருக்கட்டும். மூடி திறந்ததும் ஆவி வெள்ளையாக எழுந்து வரும். துணியை ஈரக் கையால் உரித்து எடுப்பதையும், இட்லி தட்டிலிருந்து விடுபடுவதையும் அதே வெளிச்சத்தில் எடுத்துவிடு. இந்த மூன்றையும் மரைன் டிரைவில் எங்கே போய் எடுப்பது?

மரைன் டிரைவ் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பாட்டில் கடல் இல்லை. ஆனாலும் உன் நண்பர்களைத் தள்ளிவிடாதே, அவர்கள் மதிப்பெண்ணும் இதில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கதையில் தங்களுக்கு என்ன வேலை என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். பாட்டின் நடுவே வார்த்தை இல்லாத இசை வருகிறதா? அந்தப் பகுதியை அவர்களிடம் கொடு. 'அண்ணா' என்று கூப்பிட்டு இட்லி வாங்கும் மும்பைக்காரர்கள் அவர்கள்தானே. சாப்பிடுகிறவர்களின் பக்கத்தை அவர்களே எழுதி, அவர்களே நடிக்கட்டும்.

ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் எடுக்க ரயில்வே அனுமதி வேண்டும். ஸ்டேஷனுக்கு வெளியே, நடப்பவர்களை மறிக்காமல் எடுங்கள். யாராவது டிரோன் என்று பேச்செடுத்தால் அங்கேயே நிறுத்து, விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. முகம் தெளிவாகத் தெரிகிற ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு எடு.

பாட்டு அண்ணனுடையது, சரி. பின்னணி இசை யாருடையது? இணையத்தில் இலவசமாக இறக்கிய பீட் என்றால் அதன் நிபந்தனையைப் படித்து, நகல் எடுத்து வை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாடத்துக்காக ஆசிரியரும் மாணவரும் பயன்படுத்த ஓரளவு இடம் தருகிறது. யூடியூபில் ஏற்றுவது வேறு கதை.

எடுத்த அன்று இரவே எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிடு. முதல் இரண்டு நாள் பதிவையும் அழிக்காதே. ஏன் சரியாக வரவில்லை, எதை மாற்றினீர்கள் என்று உங்கள் குறிப்பில் எழுத அதுதான் ஆதாரம்.

16-ஆம் நாளுக்குள் எடிட்டை முடித்துவிடு. 17-ஆம் நாள் மதியம், வியாபாரம் முடிந்து அப்பா வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு, அவரிடம் போனைக் கொடுத்துவிட்டு நீ பக்கத்தில் உட்கார். அவர் வேண்டாம் என்று சொல்கிற ஷாட்டை எடுத்துவிட்டு அந்தக் கட்டத்தை வேறு எதைக் கொண்டாவது நிரப்ப உனக்கு இன்னும் ஒரு நாள் இருக்கும்.