குதிகால் தசைநாண் அறுந்தால் ஆற ஏன் இத்தனை மாதம்? கொலாஜன் பவுடர் குடித்தால் சீக்கிரம் சேருமா?

"எலும்பா உடைஞ்சது, ஜவ்வுதானே?" என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். லீவு கேட்டபோது என் மேலதிகாரி சொன்னது இது. இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஷட்டில் ஆடும்போது பின்னாலிருந்து யாரோ குதிகாலில் ஓங்கி உதைத்தது போல இருந்தது. திரும்பினால் யாருமில்லை. ஆஸ்பத்திரியில் குப்புறப் படுக்கவைத்து டாக்டர் கெண்டைச் சதையை அமுக்கினார். வலது பாதம் அசைந்தது. இடது பாதம் அப்படியே கிடந்தது. "அறுந்துடுச்சு" என்றார்.

நான் டாக்டர் இல்லை. படுத்திருந்த நாட்களில் தேடிப் படித்ததைச் சொல்கிறேன். தசைநாண் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. கொலாஜன் ஒரு முப்புரிக் கயிறு. ஒவ்வொரு புரியிலும் சுமார் ஆயிரம் அமினோ அமிலங்கள். முறுக்கின் உட்பக்கம் இடமே இல்லை என்பதால் மூன்றுக்கு ஒன்று, இருப்பதிலேயே சிறிய கிளைசினாகத்தான் இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரே ஒரு கிளைசின் மாறிப்போனாலும் எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோய் வரலாம். இந்தக் கயிறுகள் வரிசையாக அடுக்கப்பட்டு, குறுக்கே வேதிப் பிணைப்பு விழுந்த பிறகுதான் இழுவை தாங்கும். அறுந்த இடத்தில் உடல் அவசரத்துக்குப் போடுவது மெல்லிய, தாறுமாறான 3ஆம் வகைக் கொலாஜன். அது உறுதியான 1ஆம் வகையாக மாறி, இழுக்கும் திசையில் நேராக மாதக்கணக்காகும். அங்கே ரத்த ஓட்டமும் குறைவு.

பவுடர் விஷயம்: விற்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், குடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் வயிற்றுக்குள் போனால் அதுவும் புரதம்தான். துண்டு துண்டாகச் செரிக்கும், கயிறாகவே குதிகாலுக்குப் போய்ச் சேராது. வைட்டமின் சி மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் முறுக்கு உறுதிப்படாது.

அப்புறம் ஒன்று. இந்த முப்புரி வடிவத்தை 1954இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காரு வால் தசைநாணின் எக்ஸ்ரே படங்களை வைத்துக் கண்டது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை மனப்பாடம் செய்யவைத்த என் பள்ளியில் இவர்கள் பெயரை ஒருவரும் சொன்னதில்லை. தசைநாண் அறுந்து நாற்பத்தொரு வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு ஓட ஒன்பது மாதம் ஆனது. இடது கெண்டைக்கால் இன்றும் ஒரு விரற்கடை மெலிவுதான். பிசியோ சொல்லும் நாளுக்கு முன்னால் காலை அசையாமல் பிடித்துவைக்கப் போட்டுவிடும் அந்தப் பூட்ஸைக் கழற்றிவிடாதீர்கள்.