கண் நோய்களும் ஸ்டெம் செல்லும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தம்பியின் ஒரு கண்ணில் சுண்ணாம்பு தெறித்துக் கருவிழி வெளுத்துவிட்டது. ஸ்டெம் செல் வைக்கலாம் என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம். ஸ்டெம் செல் என்பது தானும் பெருகி, புதுச் செல்களையும் உருவாக்கித் தரும் மூலச் செல். கண் நோய்களில் ஸ்டெம் செல் உண்மையாகவே கைகொடுக்கும் இடம் இதுதான். கண்ணாடியில் பாருங்கள், கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் இடத்தில் ஒரு வளையம் தெரியும். அதன் பெயர் லிம்பஸ். கருவிழியின் மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் ஸ்டெம் செல்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. அவை வெந்துபோனால் வெள்ளை விழியின் தோலும் ரத்தக்குழாய்களும் கருவிழி மேல் படர்ந்துவிடும். அந்த நிலையில் கருவிழி மாற்று மட்டும் செய்தால் நிற்காது.

நல்ல கண்ணின் லிம்பஸில் இருந்து சுமார் 2 மில்லிமீட்டர் திசு எடுப்பார்கள். அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, கருவிழி மேல் விரித்த பனிக்குடச் சவ்வில் (கருவில் குழந்தையைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு) உயிரிப் பசையால் ஒட்டுவார்கள். ஒவ்வொரு துணுக்கில் இருந்தும் செல்கள் ஊர்ந்து பரவி, சில வாரங்களில் மேல்தோலாக மூடும். இந்த எளிய முறையை ஹைதராபாத்தில் டாக்டர் வீரேந்தர் சங்வானின் குழு 2012-இல் வெளியிட்டது. செல்களை ஆய்வகத்தில் வளர்த்து வைக்கும் முறை அதற்கும் முந்தியது, 1997-இல் இத்தாலியில் தொடங்கியது. கருவிழியின் ஆழத்தில் தழும்பு இருந்தால் அப்புறம் தனி அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம்.

கேள்வி: எனக்கு இரண்டு கண்ணுமே அப்படித்தான். எங்கிருந்து எடுப்பார்கள்?

உறவினர் தரலாம், இறந்தவரின் கண்ணிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் உடல் அதை ஏற்க, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து நெடுநாள் எடுக்க வேண்டும். உங்கள் உள்கன்னத்தின் செல்களையே வளர்த்து வைப்பதும் உண்டு.

கேள்வி: அம்மாவுக்கு வயதால் வரும் மாக்குலா சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதி கெடுவது). விழித்திரைக்கும் இது உண்டா?

இன்னும் ஆய்வு நிலைதான். 2014-இல் ஜப்பானின் கோபேயில் மசாயோ தகஹாஷியின் குழு, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் தோல் செல்களை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து விழித்திரையின் நிறமிப் படலத்தை வளர்த்து அவர் கண்ணுக்குள் வைத்தது. ஓராண்டு கழித்தும் படலம் அப்படியே இருந்தது, பார்வை மேலும் கெடவில்லை. ஆனால் பெரிதாகக் கூடவும் இல்லை. அம்மாவுக்கு ஈர வகை (விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசியும் வகை) என்றால் கண்ணுக்குள் போடும் ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: கிளாகோமாவுக்கு (பார்வை நரம்பு மெல்ல அழியும் நோய்) ஸ்டெம் செல் உண்டா?

இப்போதைக்கு இல்லை. செத்த பார்வை நரம்பு இழைகள் மூளை வரை திரும்ப வளர வேண்டும், அது இன்னும் கைகூடவில்லை. சொட்டு மருந்தை விடாதீர்கள்.

கேள்வி: வயிற்றுக் கொழுப்பில் ஸ்டெம் செல் எடுத்து கண்ணில் ஊசி போட்டால் சரியாகும் என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். போகலாமா?

தயவுசெய்து போகாதீர்கள். ஃபுளோரிடாவில் 72 முதல் 88 வயது வரையிலான மூன்று பெண்கள் தலா 5,000 டாலர் கொடுத்து, ஒரே நாளில் இரு கண்களிலும் இதே ஊசியைப் போட்டுக்கொண்டார்கள். மூவருக்குமே விழித்திரை பாதிக்கப்பட்டுப் பார்வை கடுமையாகப் போனது. இது 2017-இல் மருத்துவ இதழில் பதிவானது. கொழுப்பு செல் விழித்திரை செல்லாக மாறும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை. யாராவது இரண்டு கண்ணுக்கும் ஒன்றாகப் போடலாம், காசைக் கட்டுங்கள் என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.