காப்பி ஆகிவிட்டது, பூட் ஆகவில்லை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய கம்ப்யூட்டரை அப்படியே விர்ச்சுவல் மெஷினாக (இன்னொரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் கம்ப்யூட்டராக) மாற்றப் போய், பாதியில் மாட்டிக்கொண்டவர்களின் கேள்விகள் இவை. எழுதியவர்களில் பலர் டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப காப்பி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது வீண் வேலை. காப்பியில் கோளாறு இருப்பது அபூர்வம். திரை எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கும். லோகோவே வராமல் நின்றால் ஃபர்ம்வேரோ (கம்ப்யூட்டரைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) பூட்லோடரோ (விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்பும் சிறு நிரல்) காரணம். லோகோ வந்த பிறகு விழுந்தால் டிரைவர். எடுத்த காப்பியில் ஒன்றைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, சோதனைகளை இன்னொன்றில் செய்யுங்கள்.

அச்சகத்தில் பழைய எக்ஸ்பி மெஷின் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள கணக்கு மென்பொருள் வேறு எதிலும் ஓடாது. டிஸ்க்கை இமேஜ் (முழு நகல்) எடுத்து, விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் போட்டால், லோகோ ஒரு நொடி தெரிந்து நீலத்திரை வருகிறது. ஸ்டாப் 7பி என்கிறது.

7பி என்றால், விண்டோஸ் எழும்பத் தொடங்கியது, ஆனால் தான் குடியிருக்கும் டிஸ்க்கையே அதனால் படிக்க முடியவில்லை. எக்ஸ்பி எந்த டிஸ்க் கன்ட்ரோலரில் (டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சிப்) இன்ஸ்டால் ஆனதோ அதன் டிரைவரை மட்டுமே பூட் நேரத்தில் எழுப்பும். வீடு மாறிய பிறகும் பழைய வீட்டுச் சாவியையே பூட்டில் போட்டுத் திருப்புகிற கதை.

முதலில் சுலபமான வழி. விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்கில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய், டிஸ்க் சாட்டா கன்ட்ரோலரில் தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் கழற்றி, ஐடிஇ கன்ட்ரோலரில் மாட்டுங்கள், வகை பிக்ஸ்4. சாட்டாவுக்கு வேண்டிய ஏஹெச்சிஐ டிரைவர் எக்ஸ்பியிடம் கிடையாது. இது ஒன்றிலேயே சரியாகிவிடும் மெஷின்கள் நிறைய.

சரியாகவில்லை, ஆனால் பழைய பெட்டி இன்னும் ஓடுகிறது என்றால் அதிர்ஷ்டம்தான். அதில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஐடிஇ கன்ட்ரோலரின் டிரைவரை 'ஸ்டாண்டர்ட் டூயல் சேனல் பிசிஐ ஐடிஇ' என்ற பொதுவான டிரைவருக்கு மாற்றுங்கள். ரீபூட் கேட்கும், செய்யாதீர்கள். அப்படியே ஷட்டவுன் செய்துவிட்டு இமேஜ் எடுங்கள். ரீபூட் ஆனால் எக்ஸ்பி தன் பழைய டிரைவரைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொள்ளும், செய்த வேலை வீணாகும்.

பழைய பெட்டி செத்தே போய்விட்டது என்றால் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) கை வைத்தாக வேண்டும். இமேஜை ஓடுகிற வேறொரு விண்டோஸில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, ரெஜெடிட்டில் 'லோட் ஹைவ்' மூலம் அந்த டிஸ்க்கின் சிஸ்டம் ஹைவை (ரெஜிஸ்ட்ரியின் ஒரு பகுதி இருக்கும் ஃபைல்) திறக்க வேண்டும். இங்கே 'கரன்ட் கன்ட்ரோல் செட்' என்று எதுவும் தெரியாது. அது விண்டோஸ் ஓடும்போது மட்டும் இருப்பது. 'செலக்ட்' என்ற கீயில் 'கரன்ட்' மதிப்பு 1 என்றால் கன்ட்ரோல்செட்001, 2 என்றால் 002. அதனுள் சர்வீசஸ் பகுதியில் அடாபி, இன்டெல்ஐடிஇ, பிசிஐஐடிஇ மூன்றுக்கும் 'ஸ்டார்ட்' மதிப்பு 0 ஆக இருக்க வேண்டும். அந்த டிரைவர் ஃபைல்கள் சிஸ்டம்32-இன் டிரைவர்ஸ் ஃபோல்டரில் உண்மையிலேயே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் டிரைவர் கேஷ் ஃபோல்டரின் கேப் ஃபைலிலிருந்து எடுத்துப் போடலாம். கிரிட்டிக்கல் டிவைஸ் டேட்டாபேஸ் என்ற பகுதியிலும் இவற்றுக்கான பதிவுகள் வேண்டும். 'மெர்ஜ்ஐடிஇ' என்ற சிறு கருவி இதையெல்லாம் ஒரே அடியில் செய்துவிடும், ஆனால் மெஷின் ஓடும்போதே அதை ஓட்டியிருக்க வேண்டும்.

7பி போய் 79 வந்தால் வருத்தப்படாதீர்கள், ஒரு படி முன்னேறியிருக்கிறீர்கள். அது ஹால் (விண்டோஸுக்கும் வன்பொருளுக்கும் நடுவே நிற்கும் அடுக்கு) பொருந்தாத பிரச்சினை. விர்ச்சுவல்பாக்ஸில் ஐஓ ஏபிக் பெட்டியில் டிக் செய்து பாருங்கள். இன்டெல் பெட்டியிலிருந்து எடுத்த இமேஜை ஏஎம்டி கம்ப்யூட்டரில் ஓட்டி 7ஈ வந்தால், சந்தேகப்பட வேண்டியது இன்டெல்பிபிஎம் என்ற பிராசசர் டிரைவர். அதன் 'ஸ்டார்ட்' மதிப்பை 4 ஆக்கி முடக்கிவிடுங்கள். அப்புறம் ஒன்று: சேஃப் மோடில் வரிசையாக ஓடும் பெயர்களில் கடைசியாக நிற்பதைத்தான் எல்லோரும் குற்றவாளி என்று பிடிக்கிறார்கள். அது ஏற்கெனவே லோட் ஆகிவிட்ட ஃபைல். தடுக்கி விழுந்தது பெரும்பாலும் அதற்கு அடுத்தது.

விண்டோஸ் 10 லேப்டாப்பை டிஸ்க்2விஹெச்டி என்ற காப்பிக் கருவி கொண்டு மாற்றினேன். மைக்ரோசாஃப்டின் விர்ச்சுவல் மெஷின் மென்பொருளான ஹைப்பர்-வியில் கறுப்புத் திரைதான், லோகோகூட வரவில்லை.

எந்த ஜெனரேஷன் மெஷின் உருவாக்கினீர்கள் என்று எழுதவில்லை. ஜெனரேஷன் 1 என்றே ஊகிக்கிறேன். அது பழைய பயாஸ் ஃபர்ம்வேர் முறை. உங்கள் லேப்டாப் அநேகமாக யுஇஎஃப்ஐ என்ற புதிய ஃபர்ம்வேர் முறையில், ஜிபிடி (புதிய பார்ட்டிஷன் அமைப்பு) டிஸ்க்கில் ஓடுகிறது. லேப்டாப்பில் எம்எஸ்இன்ஃபோ32 ஓட்டினால் 'பயாஸ் மோட்' என்ற வரியில் தெரிந்துவிடும். யுஇஎஃப்ஐ என்றிருந்தால் ஜெனரேஷன் 2 மெஷின் வேண்டும், டிஸ்க் விஹெச்டிஎக்ஸ் வடிவத்தில் இருக்க வேண்டும். உருவாக்கிய மெஷினின் ஜெனரேஷனைப் பிறகு மாற்ற முடியாது. புதிதாக ஒன்று உருவாக்கி அதே டிஸ்க்கை மாட்டுங்கள். முதல் முறை செக்யூர் பூட்டை (நம்பகமான பூட் ஃபைல்களை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) அணைத்துவிட்டுப் பாருங்கள்.

அதற்கும் மசியாவிட்டால், டிஸ்க்2விஹெச்டி பட்டியலில் சி டிரைவை மட்டும் டிக் செய்தீர்களா என்று யோசியுங்கள். எழுத்தில்லாமல், நீளமான ஒரு பெயரோடு, சில நூறு எம்பி மட்டுமே இருக்கும் பார்ட்டிஷனைப் பலரும் குப்பை என்று விட்டுவிடுகிறார்கள். பூட்லோடர் குடியிருப்பது அதில்தான். மறுபடி காப்பி எடுக்க முடிந்தால் எடுங்கள். நான் மேலே வீண் வேலை என்றேனே, அதற்கு இது விதிவிலக்கு. முடியாவிட்டால் விண்டோஸ் இன்ஸ்டால் ஐஎஸ்ஓவில் பூட் செய்து, ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தி, டிஸ்க்பார்ட்டில் கொஞ்சம் இடம் சுருக்கி ஒரு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்கி ஃபேட்32-இல் ஃபார்மட் செய்யுங்கள். பிறகு பிசிடிபூட் கட்டளை: விண்டோஸ் ஃபோல்டர் எது, புது பார்ட்டிஷன் எது, முறை யுஇஎஃப்ஐ என்ற மூன்றையும் சொன்னால் பூட் ஃபைல்களை அதுவே எழுதிவிடும்.

விஹெச்டி (காப்பி எடுத்த டிஸ்க் ஃபைல்) சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதே கம்ப்யூட்டரில் ஒருமுறை மாட்டிப் பார்த்தேன். அதற்குப் பிறகு விர்ச்சுவல் மெஷின் பூட் ஆகவே இல்லை. சி000000ஈ என்ற எண் வருகிறது.

மாட்டிப் பார்த்ததுதான் வினை. எம்பிஆர் (பழைய பார்ட்டிஷன் அமைப்பு) டிஸ்க்கின் முதல் செக்டாரில் 440-வது பைட்டிலிருந்து 4 பைட் நீளத்துக்கு, டிஸ்க்கை அடையாளம் காட்டும் ஒரு கையெழுத்து இருக்கிறது. அசலுக்கும் நகலுக்கும் அது ஒன்றே. ஒரே விண்டோஸில் இரண்டையும் ஆன்லைனுக்குக் கொண்டுவந்தால், மோதலைத் தவிர்க்க விண்டோஸ் நகலின் கையெழுத்தை மாற்றிவிடும். பூட் பதிவிலோ பழைய கையெழுத்து. இன்ஸ்டால் ஐஎஸ்ஓவில் பூட் செய்து பிசிடிபூட் ஓட்டினால் புதுப் பதிவு எழுதப்படும், டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது. இனி நகலைச் சோதிப்பதை வேறு கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் சர்வரை, லினக்ஸின் விர்ச்சுவல் மெஷின் முறையான கேவிஎம்முக்கு மாற்றினேன். நீண்ட நேரம் காத்திருந்து, ரூட் டிவைஸ் இல்லை என்று டிராக்கட் ஷெல்லில் விழுகிறது.

லினக்ஸிலும் அதே கதைதான். டிராக்கட் என்ற கருவி தயாரிக்கும் இனிட்ராம்எஃப்எஸ் (பூட் நேரத்தில் முதலில் ஏறும் சிறு இமேஜ்), வழக்கமாக அந்தப் பெட்டிக்குத் தேவையான டிரைவர்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். பழைய சர்வரில் விர்ட்டையோ (விர்ச்சுவல் மெஷினுக்கென்றே உள்ள டிஸ்க், நெட்வொர்க் டிரைவர்) ஏது? ரீபூட் செய்து, கிரப் (லினக்ஸின் பூட்லோடர்) மெனுவில் கீழே 'ரெஸ்க்யூ' என்றிருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். அந்த இமேஜில் எல்லா டிரைவரும் இருக்கும், பெரும்பாலும் எழுந்துவிடும். எழுந்ததும் டிராக்கட்டை நோ-ஹோஸ்ட்ஒன்லி தேர்வோடு ஓட்டி, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கெர்னலுக்குப் புது இமேஜ் உருவாக்குங்கள். வெறுமனே ஓட்டினால் ரெஸ்க்யூ கெர்னலுக்கு உருவாகிவிடும், ஆகவே கெர்னல் பதிப்பைக் குறிப்பிட மறக்காதீர்கள். ரெஸ்க்யூ வரியே இல்லாவிட்டால் டிஸ்க் பஸ்ஸைத் தற்காலிகமாக சாட்டா என்று மாற்றி எழுப்புங்கள்.

எஃப்எஸ்டேபில் (எந்த பார்ட்டிஷனை எங்கே மாட்ட வேண்டும் என்ற பட்டியல்) எஸ்டிஏ1 என்ற பாணியில் நேரடிப் பெயர் இருந்தால் யுயுஐடிக்கு (பார்ட்டிஷனின் மாறாத அடையாள எண்) மாற்றுங்கள், விர்ட்டையோவில் அது விடிஏ1 ஆகிவிடும். நெட்வொர்க் கார்டின் பெயரும் மாறியிருக்கும், ஐபி வராது. சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. மெஷின் எழுந்துவிட்டது என்ற நிம்மதியில் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

விண்டோஸ் சாட்டாவில் பூட் ஆகிறது, வேகத்துக்காக விர்ட்டையோவுக்கு மாற்றினால் மறுபடி நீலத்திரை.

நேரடியாக மாற்றாதீர்கள். பழைய டிஸ்க்கை சாட்டாவிலேயே விட்டு, 1 ஜிபி வெற்று டிஸ்க் ஒன்றை விர்ட்டையோவில் கூடுதலாக மாட்டி பூட் செய்து, விர்ட்டையோ டிரைவர்களை இன்ஸ்டால் செய்யுங்கள். வெற்று டிஸ்க் விண்டோஸில் தெரிந்ததும் ஷட்டவுன் செய்து, பூட் டிஸ்க்கை விர்ட்டையோவுக்கு மாற்றுங்கள். அப்போதும் முரண்டு பிடித்தால் சேஃப் மோடில் ஒருமுறை எழுப்பிவிட்டு, பிறகு சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பூட் ஆகும் முன்பே நீல நிறத் திரையில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்கிரிப்ஷன்) ரெக்கவரி கீ கேட்கிறது. நான் பிட்லாக்கர் போடவே இல்லையே!

மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்த பல லேப்டாப்களில் என்கிரிப்ஷன் தானாகவே போடப்பட்டிருக்கும். என்கிரிப்ஷன் கீயைக் காக்கும், லேப்டாப்பின் டிபிஎம் சிப் விர்ச்சுவல் மெஷினில் இல்லாததால் கீ கேட்கிறது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் அந்த 48 இலக்க எண் இருக்கும். லேப்டாப் கையில் இருந்தால், பிட்லாக்கரை முழுவதுமாக நீக்கி, டீக்ரிப்ட் ஆகி முடியும்வரை காத்திருந்து, பிறகு இமேஜ் எடுப்பதே தலைவலி இல்லாத வழி. ஒன்று சொல்லிவிடுகிறேன்: லேப்டாப்போடு வந்த ஓஈஎம் லைசென்ஸ் அந்தப் பெட்டியோடு கட்டுப்பட்டது. விர்ச்சுவல் மெஷின் பூட் ஆன பிறகு ஆக்டிவேஷன் கேட்கும், அதற்குத் தனி லைசென்ஸ் வாங்க வேண்டியிருக்கும்.