ரயிலை ஓட்டாமல் வேடிக்கை பார்க்கும் பையன்

அம்மா, மகனின் கணினி ரயில் விளையாட்டைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "அவன் ரயிலை ஓட்டக்கூட மாட்டேங்கிறான் சார், மற்ற ரயில்கள் போறதையும் வர்றதையும் பார்த்துட்டே இருக்கான். நடுநடுவே எக்செல்லில் ஏதோ நேரம் போடறான்." ப்ளஸ் டூ வருடத்தில் இது பதற வேண்டிய விஷயம்தான். ஆனால் கடைசியில், "ரயில் பைத்தியம்தானே, லோகோ பைலட் கோச்சிங்கில் சேர்த்துவிடட்டுமா?" என்று, ரயில் ஓட்டுநர் வேலைக்கான பயிற்சியைக் கேட்டிருக்கிறீர்களே, அவசரப்படாதீர்கள்.

அவன் வைத்திருப்பது ஓப்பன் ரெயில்ஸ். மைக்ரோசாஃப்ட் 2001-ல் வெளியிட்ட ட்ரெயின் சிமுலேட்டர் என்ற ரயில் ஓட்டும் விளையாட்டுக்காக உருவான பாதைகளையும் வண்டிகளையும் இன்றைய கணினியில் ஓடவைக்க ஆர்வலர்கள் சேர்ந்து எழுதிய இலவச மென்பொருள். அதில் நாம் ஓட்டுவது ஒரே வண்டி. பாக்கி வண்டிகளைக் கணினி ஓட்டும், 'ஏஐ ட்ராஃபிக்' என்பார்கள். பெயரைப் பார்த்து சாட்ஜிபிடி மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். எந்தப் பாதை, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கெங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு வண்டிக்கும் யாராவது எழுதித் தர வேண்டும். எழுதினபடி போகும், சிவப்பு விழுந்தால் நிற்கும், அவ்வளவுதான் அதன் புத்தி. டைம்டேபிள் முறையில் இதை ஒரே அட்டவணையாக எழுதலாம்: இடது ஓரத்தில் ஸ்டேஷன்கள், மேல் வரிசையில் வண்டிகள், கட்டங்களுக்குள் நேரம். நீங்கள் பார்த்த எக்செல் அதுவாகத்தான் இருக்கும்.

போக, வர ஒரே தண்டவாளம் இருக்கிற சிங்கிள் லைனில்தான் இதன் வித்தையெல்லாம். விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை வழியாகத் தஞ்சாவூர் போயிருக்கிறீர்களா? வண்டி ஏதோ ஒரு ஸ்டேஷனில் சும்மா நிற்கும், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று தடதடவென்று கடந்துபோகும், பிறகுதான் நமக்குப் பச்சை. 'கிராசிங்' என்று பக்கத்து சீட்காரர் அலுத்துக்கொள்வார். ஸ்டேஷனில் பக்கவாட்டில் பிரிந்து மறுபடி சேரும் லூப் லைனில் எதை ஒதுக்குவது, எதை முதலில் விடுவது என்ற கணக்குத் தப்பினால் சிமுலேட்டரில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் வந்து நின்றுவிடும். பின்னால் வருகிறவையும் வரிசையாக மாட்டிக்கொள்ளும். இதற்கு டெட்லாக் என்று பெயர். மென்பொருள் தன்னால் ஆனமட்டும் தவிர்க்கப் பார்க்கும், அட்டவணையே கோணலாக இருந்தால் அது என்ன செய்யும்? உங்கள் மகன் உட்கார்ந்து பார்ப்பது, தான் போட்ட நேரம் எந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறது என்பதை.

அந்த டெட்லாக் அதே பெயரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பில், ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தில் வருகிறது. நிஜ ரயில்வேயில், எந்த வண்டியை ஒதுக்கி எதை விடுவது என்று பார்க்கும் வேலையைச் செய்பவர் செக்‌ஷன் கன்ட்ரோலர். எஞ்சின் கேபினில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிற ஆசை வேறு, இது வேறு. அவனுக்கு இருப்பது இரண்டாவது.

இன்னொன்று, கண்ணாடி போட்டிருக்கிறான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உதவி லோகோ பைலட்டுக்கு ஏ-1 மருத்துவத் தகுதி கேட்பார்கள். கண்ணாடி இல்லாமலே இரு கண்ணிலும் 6/6 தெரிய வேண்டும், நிறப் பார்வை சரியாக இருக்க வேண்டும், கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் கண் சிகிச்சை செய்தவர்களை எடுப்பதில்லை. அதுபோக, ப்ளஸ் டூ மட்டும் போதாது; பத்தாம் வகுப்போடு ஐடிஐ, அல்லது உரிய பிரிவில் டிப்ளமோ வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஏ-2, அதுவும் கண்ணாடி இல்லாமல் 6/9. பணம் கட்டும்போது கோச்சிங் சென்டரில் இதை யாரும் சொல்வதில்லை. எழுத்துத் தேர்வில் தேறி மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வந்த பிள்ளைகளை இதே நாற்காலியில் உட்காரவைத்துத் தேற்றியிருக்கிறேன். ஆகவே முதல் செலவு கண் மருத்துவருக்கு.

கண் ஒத்துவராவிட்டாலும் வழி நிறைய உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது இசிஇ எடுத்தால் சிக்னலிங் பக்கம் போகலாம். சிவப்பைத் தாண்டப் போகிற வண்டிக்குத் தானே பிரேக் போடுகிற கவச் அமைப்பை ஹைதராபாத்தில் மேதா, ஹெச்பிஎல், கெர்னெக்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. பெங்களூருவில் ஆல்ஸ்டாமின் சிக்னலிங் பிரிவு இருக்கிறது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு ஓட்டுநர் இல்லாத ரயில்களே வருகின்றன. வடோதராவில் உள்ள கதி சக்தி பல்கலைக்கழகத்தில், ரயில்வே அமைச்சகத்தின் கீழ், பி.டெக். இருக்கிறது, ஜேஇஇ மெயின் எழுத வேண்டும். நான் அதிகம் யோசிப்பது ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பற்றி, அதாவது இருக்கிற வசதிகளை எப்படிச் சிறப்பாகப் பயன்படுத்துவது என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் துறை. ஐஐடி பம்பாயில் அந்தத் துறையினர் ரயில்வேயின் கால அட்டவணையைச் சீரமைக்கும் வேலையில் பங்கெடுத்திருக்கிறார்கள். கணக்கில் நல்ல அஸ்திவாரம் இல்லாமல் அந்தப் பக்கம் போக முடியாது.

அவனிடம் இதையும் சொல்லிவிடுங்கள். சிமுலேட்டரில் இரண்டாயிரம் மணி நேரம் உட்கார்ந்தேன் என்றால் எந்தத் தேர்வு வாரியமும் ஒரு மதிப்பெண் தராது. நிஜத்தில் சங்கிலியை இழுப்பார்கள், மழையில் தண்டவாளம் வழுக்கும், பராமரிப்புக்காகப் பாதையை மூடுவார்கள், கன்ட்ரோல் அறையில் ராத்திரி ஷிஃப்டும் உண்டு.

மடிக்கணினியைப் பிடுங்கி வைக்காதீர்கள். பொதுத்தேர்வு முடியும்வரை ஞாயிறு மட்டும் என்று பேசி முடிவு செய்யுங்கள். ஓப்பன் ரெயில்ஸின் மூல நிரல் சி ஷார்ப் மொழியில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. விடுமுறையில் அதைப் படித்துப் பார்க்கட்டும். ரிசல்ட் வந்ததும் இருவரும் நேரில் வாருங்கள். மார்க் ஷீட்டோடு அந்த எக்செல் கோப்பையும் எடுத்துவரச் சொல்லுங்கள், எந்த ஸ்டேஷனில் வண்டிகள் மாட்டின, எப்படி எடுத்தான் என்று அவன் வாயால் கேட்க வேண்டும்.